கழுத்துக் கட்டியும் காப்பிக்கொட்டையும்

கேள்வி: அம்மாவுக்கு கழுத்துல தைராய்டு கட்டி, சேலத்துல ஊசி போட்டு எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. ரிப்போர்ட்ல 'நியூக்ளியர் குரூவ்ஸ், பெதஸ்டா 5'ன்னு இருக்கு. நியூக்ளியர்னா கதிர்வீச்சா டாக்டர்? வீட்ல எல்லாரும் பயந்துபோய் இருக்கோம்.
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: கதிர்வீச்செல்லாம் இல்லம்மா, செல்லுக்குள்ள இருக்குற உட்கருவைத்தான் அப்படி சொல்றாங்க. ஏற்காட்டுக்காரங்களுக்கு இது சுலபமா புரியும், களத்துல காயுற காப்பிக்கொட்டை ஒண்ணை எடுத்துப் பாருங்க, தட்டையான பக்கம் நடுவுல நீளமா ஒரு கோடு ஓடும்ல, மைக்ராஸ்கோப்ல அந்த உட்கருவும் அப்படியேதான் தெரியும், நாங்களும் காப்பிக்கொட்டை மாதிரின்னுதான் சொல்லிக்குவோம். உட்கருவோட சவ்வு உள்பக்கமா மடிஞ்சு விழுற கோடு அது, அதைத்தான் ரிப்போர்ட்ல 'குரூவ்ஸ்'னு போட்டிருக்காங்க. பாப்பிலரிங்கற தைராய்டு கேன்சர் வகையில நிறைய இருக்கும், ஆனா கோட்டை மட்டும் வச்சு முடிவு கட்ட மாட்டோம், கேன்சர் இல்லாத ஹாஷிமோட்டோங்கற தைராய்டு வீக்கத்துலயும் அங்கொண்ணு இங்கொண்ணு வரும். உட்கரு பெருத்து, ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, உள்ள ஓட்டை போட்ட மாதிரி வட்டமும் தெரிஞ்சாதான் (நிஜ ஓட்டை இல்ல, உட்கருவைச் சுத்தி இருக்குற சைட்டோபிளாசம்ங்கற கூழ் உள்ள பிதுங்கி நிக்குது) சந்தேகம் பலமாகும்.

பெதஸ்டாங்கறது தைராய்டு ஊசி டெஸ்ட் ரிசல்ட்டை 1லேருந்து 6 வரைக்கும் வகை பிரிக்கிற முறை, 5னா பலமான சந்தேகம், 6தான் கேன்சர்னு சொல்றது. அடுத்தது பெரும்பாலும் ஆபரேஷன், எடுத்த கட்டியை பயாப்சி பார்த்துதான் முடிவா சொல்வாங்க. பாப்பிலரி பெரும்பாலும் மெதுவா வளர்ற வகைதான், அதுக்காக தள்ளிப்போடாதீங்க. ரிப்போர்ட்டோட, ஊசியில எடுத்த செல்லைத் தடவி வச்ச கண்ணாடி ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கோங்க, இன்னொரு டாக்டர்கிட்ட காட்ட அதான் வேணும், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்குப் போனப்புறம் ஞாபகம் வந்தா மறுபடி இறங்கணும்.