அப்பாவின் கென்வுட் செட்: வால்வு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பாலக்கோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி: "அப்பா வைத்திருந்த கென்வுட் டிஎஸ்-520எஸ் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) செட் 12 வருடம் பரணில் கிடந்தது. ஆன் செய்தால் குரல் மெலிதாகக் கேட்கிறது. டிரான்ஸ்மிட் சுத்தமாக இல்லை. தருமபுரியில் காட்டினேன். 'ஃபைனல் வால்வு போச்சு, இனி கிடைக்காது' என்கிறார்கள். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. இதை மீட்க முடியுமா?"

முடியும். வால்வுக்கு மட்டும் இப்போது பணம் அனுப்ப வேண்டாம்.

முதலில் முன்பக்கத்தில் இருக்கும் ஹீட்டர் ஸ்விட்சைப் பாருங்கள். வால்வுக்குள் இருக்கும் சூடேற்றும் இழைதான் ஹீட்டர். இந்த செட்டில் ரிசீவர் முழுக்க டிரான்சிஸ்டர். வால்வு மூன்றே மூன்றுதான்: சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் டிரைவர் 12பிஒய்7ஏ ஒன்று, அதைக் கடைசியாக ஆன்டெனாவுக்கு அனுப்பும் ஃபைனல் எஸ்2001ஏ இரண்டு. ஹீட்டர் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தால் செட் நன்றாகக் கேட்கும், வெளியே ஒன்றும் போகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய இரும்புக்குப் போகவிருந்த செட்டை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, இனிமேல் நேராகச் சுவர் பிளக்கில் செருகாதீர்கள். பல வருடம் மின்சாரம் காணாத எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் இருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்துபோயிருக்கும். ஒரேயடியாக 230 வோல்ட் கொடுத்தால் சூடேறி வெடிக்கலாம். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரீஸ் போர்டில் 100 வாட் குண்டு பல்பு போட்டு, ஹீட்டரை ஆஃப் செய்துவிட்டு ஆன் பண்ணுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

திறக்கும் முன் ஒரு விஷயம். உள்ளே சுமார் 800 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டு, 1000 வோல்ட் அளக்கும் மீட்டரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம்.

இப்போது ஃபைனல் வால்வுகள். கழற்றி, 2-ஆம் பின்னுக்கும் 7-ஆம் பின்னுக்கும் நடுவே ஓம் பாருங்கள். ஓரிரு ஓம் காட்டினால் ஹீட்டர் அறுந்துபோகவில்லை. பிறகு வால்வைத் திரும்பப் போட்டு, 5-ஆம் பின்னில் (கன்ட்ரோல் கிரிட்) மீட்டர் கிளிப்பை மாட்டுங்கள். மின்சாரம் இல்லாதபோதுதான் மாட்ட வேண்டும். ஹீட்டர் ஆஃபிலேயே இருக்கட்டும். ஆன் செய்து, கை வைக்காமல் மீட்டரை மட்டும் பாருங்கள். நெகட்டிவ் வோல்ட் காட்ட வேண்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்திலோ பாசிட்டிவிலோ நின்றால், பெரும்பாலும் டிரைவரையும் ஃபைனலையும் இணைக்கும் சின்ன கண்டென்சர் கசிகிறது என்று அர்த்தம். அந்த நெகட்டிவ் வோல்ட்டைக் கொடுக்கும் பயாஸ் சப்ளை செத்திருந்தாலும் இப்படிக் காட்டும், அதையும் பாருங்கள். கண்டென்சர் கசிந்தால் டிரைவர் பிளேட்டில் இருக்கும் உயர் வோல்ட் கிரிட்டுக்குள் நுழைந்து, ஃபைனல் வால்வு கட்டுப்பாடில்லாமல் கரன்ட் இழுக்கும், பிளேட் சிவந்துவிடும். இதைச் சரிசெய்யாமல் புது வால்வு போட்டால் அதுவும் சில நிமிடங்களில் போய்விடும். அதே மதிப்பில், 1000 வோல்ட் தாங்கும் சில்வர் மைக்கா கண்டென்சர் போடுங்கள். விலை சொற்பம்.

குரல் மெலிவுக்கு முதலில் டிரைவ் குமிழைத் திருப்பி, சத்தம் உச்சத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். ரிசீவுக்கும் அதுதான் டியூனிங். வராவிட்டால் ரிசீவுக்கும் டிரான்ஸ்மிட்டுக்கும் மாற்றிவிடும் ரிலேவைச் சந்தேகப்படுங்கள். அதன் வெள்ளி முனைகள் கறுத்திருக்கும். உப்புத்தாள் போடாதீர்கள், பூச்சு போய்விடும். விசிட்டிங் கார்டை மெல்லிசாக வெட்டி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, முனைகளுக்கு இடையே வைத்து, ரிலேவை விரலால் லேசாக அழுத்தியபடி இழுங்கள். அட்டையில் கரிக்கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை புதுத் துண்டு எடுத்து இழுத்துக்கொண்டே இருங்கள். பேண்ட் ஸ்விட்சுக்கும் அதே ஆல்கஹால், தூரிகையில் தொட்டு.

இத்தனைக்குப் பிறகும் ஃபைனல் வால்வுதான் செத்தது என்று தெரிந்தால் எஸ்2001ஏ தேடி அலைய வேண்டாம், 6146பி போதும். இரண்டையும் ஒரே வகையில் ஜோடியாக மாற்றுங்கள். 6883 என்று ஒன்று இருக்கிறது. உருவமும் பின்களும் அச்சு அசல் அதேதான், ஆனால் ஹீட்டர் 12.6 வோல்ட். கடைக்காரர் "அதேதான் சார்" என்றாலும் வாங்காதீர்கள். பாலக்கோட்டில் ரயில் ஏறினால் ஓசூர் வழியாக பெங்களூரு. அங்கே எஸ்.பி. ரோட்டில் கண்டென்சர், ரெசிஸ்டர் எல்லாம் கிடைக்கும். வால்வுக்கு பழைய ஹாம்களை விசாரியுங்கள், பலர் ஒரு ஜோடி பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். குமிழோ பல்சக்கரமோ உடைந்திருந்தால் ஓசூர் லேத் பட்டறையில் மாதிரி கொடுத்துக் கடைந்து வாங்கலாம்.

வால்வு மாற்றினால் ஐடில் கரன்ட்டை (சிக்னல் இல்லாதபோது ஃபைனல் இழுக்கும் கரன்ட்) 60 மில்லி ஆம்பியரில் வைத்து, நியூட்ரலைசேஷன் (ஃபைனல் தானாக அலைவதைத் தடுக்கும் சரிசெய்தல்) மறுபடி செய்தாக வேண்டும். அது ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் டம்மி லோடில்தான், ஆன்டெனாவில் வேண்டாம். பின்பக்கம் சும்மா செருகியிருப்பதுபோல் தெரியும் பிளக்குகளைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள், அவற்றுக்குள் இருக்கும் கம்பிப் பாலம் வழியாகத்தான் சர்க்யூட் முழுமையாகிறது.

5-ஆம் பின்னில் எவ்வளவு வோல்ட் வந்தது என்று எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.