சட்டத்தின் உள்மூலையில் இடைவெளி, நடுக் கதவுகளுக்கு எந்தக் கீல்?

நண்பரே, உங்கள் அலமாரிக் கதவின் 60 மி.மீ. அகலச் சட்டத்தில் மூன்று மூலை சேர்ந்து, நாலாவது மட்டும் உள்பக்கம் வாய் பிளக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் மைட்டர் வெட்டு (மூலை சேரச் சட்டத்தின் முனையைச் சாய்வாக வெட்டுவது) மெஷினில் 45 டிகிரியைத் தாண்டுகிறது. வெட்டுக்கு அரை டிகிரி பிசகினாலும், மூலைக்கு இரண்டாக எட்டு வெட்டில் 4 டிகிரி. மொத்தமும் கடைசி மூலையில் வந்து நிற்கும். அங்கே அது கிட்டத்தட்ட 6 மி.மீ. இடைவெளி. தயவுசெய்து பட்டி (புட்டிப் பசை) வைத்து அடைக்காதீர்கள்.

மெஷினில் இருக்கும் கோட்டை நம்ப வேண்டாம். இரண்டு கழிவுத் துண்டுகளை வெட்டிச் சேர்த்து மூலைமட்டத்தை உள்ளே வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கீற்று வெளிச்சம்கூடத் தெரியக்கூடாது. அப்புறம் எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே நீளமா? மெஷினில் தடுப்புக் கட்டை பொருத்தி, ஒவ்வொரு துண்டையும் அதில் முட்டவைத்து வெட்டினால்தான் அது சாத்தியம். கோணம் சரியாக இருந்தும் நீளம் 1 மி.மீ. மாறினால் மூலை சேராது.

கீல் விஷயம் எளிது. நடுவில் ஒரே 18 மி.மீ. பலகையை இரண்டு கதவும் பங்கிடுவதால் அங்கே 8 கிராங்க் ஆட்டோ கீல் (தானாக மூடும் மறைகீல்; கிராங்க் என்பது கீல் கையின் வளைவு) வாங்குங்கள். அதில் ஒவ்வொரு கதவும் பலகை விளிம்பில் பாதியை மட்டும் மூடும். விளிம்பு முழுவதையும் மூடும் 0 கிராங்க் போட்டால் கதவுகள் இடித்துக்கொள்ளும். 0 கிராங்க் ஓரப் பலகைகளுக்கு.