மதிலோரத் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உரப்பையைத் தூண்போல நிறுத்தி, பக்கத்தில் துளைபோட்டுக் கீரை நட்டேன். மேலே உள்ளவை செழிக்கின்றன, கீழே உள்ளவை வாடிச் சாகின்றன. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேனே?
– வாசகி, பாலையூற்று

பதில்: ஊற்றுகிறீர்கள், கீழே போய்ச் சேரவில்லை. மேல் மண் குடித்தது போக மிச்சம் பையின் ஓரமாக வழிந்துவிடும். நடுவில் சல்லித் தூண் இல்லாத பைக்கு எவ்வளவு ஊற்றினாலும் இதே கதிதான். கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

நன்றாகக் கழுவிய 50 கிலோ உரப்பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போடுங்கள். ஒற்றைப் பை வெயிலில் சீக்கிரம் இற்றுவிடும். அடியில் நாலைந்து துளையிட்டு, மூன்று அங்குல உயரத்துக்குச் சல்லி போடுங்கள். அதன்மேல் நடுவில் 4 அங்குல பிவிசி குழாய்த் துண்டொன்றை நிறுத்தி, குழாய்க்குள் சல்லியும் வெளியே மண்கலவையும் போட்டு வாருங்கள். நிரம்ப நிரம்பக் குழாயை மேலே இழுங்கள். கடைசியில் குழாய் கைக்கு வந்துவிடும், சல்லி உள்ளே நிற்கும்.

கலவைக்கு மேல்மண் 2 பங்கு, கூட்டெரு 1, தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) 1. தும்புச்சோற்றில் உப்பு இருக்கலாம். ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரின் நிறம் வெளுக்கும்வரை மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு விதையைக் குறைசொல்பவர்கள்தான் அதிகம்.

பை நிரம்பிய பிறகே பக்கத்தில் வெட்டுங்கள். வட்டத் துளை வேண்டாம், மண் கொட்டும். இரண்டு அங்குலக் கீறல் போதும். எட்டு அங்குல இடைவெளி விட்டு, ஒன்றுக்கு நேர்கீழே இன்னொன்று வராமல் கீறுங்கள். வல்லாரையும் பொன்னாங்காணியும் கீழ்வரிசைக்கு. கத்தரியோ கொச்சிக்காயோ உச்சியில் இரண்டு கன்றுக்கு மேல் வேண்டாம். தண்ணீரைச் சல்லியின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசும் மாதங்களில் காலையும் மாலையும் தேவைப்படும். பையை வீட்டின் கிழக்குப் பக்கம் வைத்தால் அந்தக் காற்றும் பின்னேர வெயிலும் நேரே படாது.

கேள்வி: மதிலில் வலை கட்டிப் புடோல் ஏற்றினேன். பிஞ்சுகள் விரலளவில் மஞ்சளாகி விழுகின்றன. உரம் போதாதா?
– வாசகர், உவர்மலை

பதில்: உரத்தைக் கூட்டாதீர்கள், இலைதான் கூடும். பிஞ்சில் துளையும் கசிவும் இருந்தால் அது பழ ஈ. பிஞ்சிலேயே கடதாசிப் பையால் மூடுங்கள். துளை இல்லாவிட்டால் பெரும்பாலும் மகரந்தம் சேராத குறை. புடோல் பூ பொழுதுபட்ட பிறகே விரியும், பகல் தேனீயால் பலனில்லை. இருட்டியதும் ஆண்பூவொன்றைப் பறித்து, பின்னால் குட்டிக் காயுள்ள பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பீர்க்குக்கும் மாலைதான். பாகலுக்கோ விடியற்காலை. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்பூக்களே, அவை உதிர்வது இயல்பு.

கேள்வி: கடலைப் பார்த்த மேல்மாடிக் கம்பியில் பூச்சாடிகள் தொங்கவிட்டிருக்கிறேன். இலை ஓரம் கருகுகிறது.
– வாசகி, உப்புவெளி

பதில்: உப்புக்காற்று. வாடை வீசும் காலத்தில் மழையில்லாத நாட்களில் காலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். ரோசாவை அங்கே வைக்க வேண்டாம். நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ, கடதாசிப்பூ மூன்றும் தாங்கும். கொக்கிகளையும் பாருங்கள்: ஈரமண் லீற்றருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். ஐந்து லீற்றர்ச் சாடி எட்டுக் கிலோ, அதைத் துருப்பிடித்த மெல்லிய கம்பி தாங்காது. நைலோன் கயிறும் வெயிலில் நைந்துபோகும் என்பதால் ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள்.