யாருடைய பொறுமை?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய, இடுப்பில் கயிறு மட்டும் கட்டி ஓர் இளைஞரை உள்ளே இறக்கினார்கள். நான் தடுத்தபோது, “நாடு மெல்லத்தான் மாறும், பொறுமையாக இருங்கள்” என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். பொறுத்திருப்பதா, சண்டை போடுவதா?
- ஒரு வாசகி, ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: செயலாளர் தொட்டிக்கு மேலே நின்றுகொண்டு பொறுமையைப் பேசுகிறார், அதற்கான விலையைக் கொடுப்பவரோ உள்ளே இறங்குபவர்.

அன்றாடம் பலர் ரயிலேறி உங்கள் நகரத்துக்கு வேலைக்கு வரும் கோலார் தங்கவயலில், துப்புரவுப் பணியாளர்களின் மகனாகப் பிறந்தவர் பெஸ்வாடா வில்சன். மனிதக் கழிவைக் கையால் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்த பிறகும் எடுப்புக் கக்கூஸ்கள் ஒழியவில்லை. அவர் இணைந்து தொடங்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுப் பணியாளர் இயக்கம் 2003இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 2013இல் புதிய சட்டம் வந்தது. தீர்ப்பு கிடைத்தது 2014 மார்ச் 27 அன்று. இடைப்பட்ட ஆண்டுகளில், ‘எங்கள் மாநிலத்தில் அப்படி எதுவும் இல்லை’ என்று அரசுகள் மறுத்தபோதெல்லாம், இருக்கிறது என்பதற்கான ஆதாரங்களைத் திரட்டிக்கொண்டு அவர்கள் திரும்பத் திரும்பப் போய் நின்றார்கள். நான் மதிக்கும் பொறுமை இதுதான்.

பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைத் தொட்டியில் இறக்குவது 2013 சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நேரடியாக வேலைக்கு வைத்தாலும், ஒப்பந்தக்காரர் வழியாக வைத்தாலும் இந்தத் தடை பொருந்தும். இதைச் சங்கத்துக்குக் கடிதமாக எழுதி, மினிட்ஸ் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். நான் முன்பு குடியிருந்த இடத்தில் இதே கடிதம் மூன்றாவது கூட்டத்தில்தான் வாசிக்கப்பட்டது; அன்றும் பொருளாளர் கேட்ட ஒரே கேள்வி, ஆளுக்குப் பதிலாக வரும் கழிவுநீர் உறிஞ்சும் லாரியின் வாடகையை யார் தருவது என்பதுதான். வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று வகுத்துக் காட்டியதும் எதிர்ப்பு பாதியாகக் குறைந்தது. அடுத்த வீட்டாரிடம் எத்தனை கூட்டங்கள் வேண்டுமானாலும் பொறுமையாகப் பேசலாம். தொட்டியின் மூடி திறக்கும் நாளில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூலி போய்விட்டதே என்று அந்த இளைஞரே உங்கள் மீது கோபப்படலாம். அது நியாயமான கோபம், அன்றைய கூலியைச் சங்கம் கொடுத்தே ஆக வேண்டும்.

கழிவுநீர் உறிஞ்சும் லாரிக்கான விலைப்புள்ளியை இந்த வாரமே வாங்கி வையுங்கள். ‘அவசரத்துக்கு வண்டி கிடைக்கவில்லை’ என்ற சாக்கு, தொட்டி நிரம்பி வழியும் காலையில்தான் பிறக்கும்.