60,000 ரூபாய்க்குள் கேமிங் கணினி: எந்தப் பாகத்தில் பணத்தைப் போடுவது?

60,000 ரூபாய்க்குள் கேம் விளையாட ஒரு கணினி அசெம்பிள் செய்ய வேண்டும், மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது, எதற்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 2023-இல் கிட்டத்தட்ட இதே தொகையில் என் அக்கா மகனுக்கு ஒன்று அசெம்பிள் செய்து கொடுத்தேன். அதை வைத்தே சொல்கிறேன்.

கணக்கை மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். அது 1080பி, 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு ஒன்று போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் திரையில் தெரியாது. விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் பங்காகச் சொல்கிறேன்: மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கார்டுக்கு ஒதுக்குங்கள். நாங்கள் எடுத்தது ஆர்எக்ஸ் 6600 கார்டும் ரைசன் 5 5600 பிராசஸரும்.

கடையில் 5600ஜி-யும் காட்டுவார்கள். பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் கூடுதல், ஆனால் அது வேறு சிப். அதற்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், 16 எம்பிதான். 5600-இல் அது 32 எம்பி, கேம்களில் அந்த வித்தியாசம் தெரியும். கார்டை ஆறு மாதம் கழித்துத்தான் வாங்க முடியும் என்றால் 5600ஜி நல்ல முடிவு. இப்போதே கார்டு வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம்.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. பட்ஜெட் இடித்தால் எல்லோரும் முதலில் கை வைக்கும் இடம் இதுதான், தயவுசெய்து வைக்காதீர்கள். என் முதல் கணினியில் கேபினட்டோடு சேர்த்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ்தான் இருந்தது. மேலே 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். கேமில் சண்டைக் காட்சி வந்தாலே கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். ரேம்தான் கோளாறு என்று நினைத்து மாற்றினேன், விண்டோஸை இரண்டு முறை திரும்பப் போட்டேன். ஒருநாள் கழற்றி லேபிளைப் படித்தபோது 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 192 வாட். பிராசஸர், கார்டு இரண்டும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. மற்ற வோல்ட்டுகளையும் கூட்டிப் போட்ட எண்தான் அந்த 450. அடுத்த மாதம் அது போனபோது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோனது.

அதனால் கொட்டேஷனில் வெறும் ‘550 வாட்’ என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல், 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்சிக்கனச் சான்று உண்டா, 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வாட். 5600 முழு வேகத்தில் சுமார் 76 வாட். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் இதற்குத் தாராளம். நாளை பெரிய கார்டு போட்டாலும் ஓரளவு தாங்கும்.

மதர்போர்டில் பி550 வகை கிடைத்தால் நல்லது, பணம் போதாவிட்டால் ஏ520 போதும். 5600-க்குக் கூலர் பெட்டியிலேயே வரும், தனியாக வாங்க வேண்டாம். கேபினட்டுக்கு முன்பக்கம் வலை வைத்தது எடுங்கள். கண்ணாடி முகப்பு அழகாக இருக்கும், ஆனால் காற்று உள்ளே போகாது, நம் ஊர் வெயிலுக்கு அது ஆகாது. 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே உள்ள இரண்டு சேனலும் (பாதைகளும்) சேர்ந்து ஓடினால்தான் முழு வேகம் கிடைக்கும். அப்புறம் பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போதே திறக்கும் மதர்போர்டு செட்டிங்கில், எக்ஸ்எம்பி-யை ஆன் செய்ய மறக்காதீர்கள்; ரேமை அதன் சொன்ன வேகத்தில் ஓட வைப்பது அதுதான். இல்லையென்றால் 3200 என்று வாங்கிய ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாம் பூட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டதும் திரையில் எதுவும் வரவில்லை என்றால் பதறாதீர்கள். அக்கா மகன் அன்று அழுகிற நிலைக்கே போய்விட்டான். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகியிருந்தான். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, கேபிள் கார்டில்தான் போக வேண்டும். மாற்றிச் சொருகியதும் படம் வந்தது.