ஸ–ரி, ரி–க: இரண்டும் ஒரே தூரமா?

கேள்வி: என் பேத்தி வீணை கற்கிறாள். சங்கராபரணத்தில் ஸ–ரி, ரி–க இரண்டுமே முழுச் சுர இடைவெளிதானே? வீட்டுக் கீபோர்டோடு வாசித்தால் காந்தாரம் (க) ஒட்டவில்லை. போனில் உள்ள டியூனரும் 14 சென்ட் குறைவு என்கிறது (ஸ முதல் மேல் ஸ வரையுள்ள ஸ்தாயியில் 1200இல் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). வீணையின் மெட்டை (தந்தியை அழுத்திப் பிடிக்கும் உலோகக் கம்பியை) நகர்த்தச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: நகர்த்தவே வேண்டாம் ஆச்சி. அந்த 14 சென்ட் குறைந்திருப்பதுதான் சரியான காந்தாரம். உங்கள் வீணைக்கு மேளம் கட்டியவர், அதாவது மெட்டுகளைச் சுரத்துக்குச் சரியாகப் பொருத்தியவர், நல்ல காதுள்ளவர்.

இரண்டும் முழுச் சுரம்தான், ஆனால் ஒரே அளவு இல்லை. ஸ–ரி அதிர்வெண் விகிதம் 9/8, அதாவது 204 சென்ட். ரி–க 10/9, 182 சென்ட்தான். கீபோர்டில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கிவிட்டதால் இரண்டுமே 200. ரிஷபத்தில் (ரி) வரும் 4 சென்ட் பெரிதாகத் தெரியாது. காந்தாரம் 386இல் நிற்க வேண்டியது, கீபோர்டில் 400க்கு ஏறிவிடுகிறது. அங்கேதான் உறுத்துகிறது.

தந்தியில் பார்த்தால் எளிது. குதிரையிலிருந்து (தந்தியைத் தாங்கும் பாலம்) மொத்த நீளம் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரி 80இல் வரும், க 72இல் வரும். முதலில் ஒன்பதில் ஒரு பங்கு குறைகிறது, அப்புறம் மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு. இரண்டாவது முறையும் ஒன்பதில் ஒரு பங்கு குறைத்தால் 71.1க்குப் போய்விடும், ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் தப்பு! (அழுத்தும்போது தந்தி இழுபடுவதால் நிஜ வீணையில் இந்த அளவு துளி மாறும். அதனால்தான் மேளம் கட்டுபவர்கள் ஸ்கேலை விட்டுக் காதை நம்புகிறார்கள்.)

ஏன் 10/9? காந்தாரத்தின் இடத்தை ரிஷபம் முடிவு செய்வதில்லை, ஷட்ஜம்தான் (ஸ) முடிவு செய்கிறது. தம்புராவில் மந்தர ஷட்ஜத்தை மீட்டிவிட்டுப் பேத்தியைக் கூர்ந்து கேட்கச் சொல்லுங்கள். மேலே அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தின் க) தானாகப் பேசும். அடிச்சுரத்தையும் சேர்த்து எண்ணினால் அது அந்தத் தந்தியின் ஐந்தாவது அதிர்வு. இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் ஷட்ஜத்துக்கு அதன் விகிதம் 5/4. இதில் ரிஷபத்தின் 9/8 போக மிஞ்சுவது 10/9.

தைவதத்தில்தான் (த) அபிப்பிராய பேதம். ஷட்ஜத்தோடு சேர்த்தால் 5/3. ரிஷபத்துக்குப் பஞ்சமமாக (3/2) பிடித்தால் 27/16, 22 சென்ட் கூடுதல். கமகம் (சுரத்தை அசைத்துப் பிடிப்பது) இல்லாமல் நிறுத்திப் பிடிக்கும் இடத்தில் எனக்கு 5/3தான் பிடிக்கும்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் ஆச்சி. மெட்டுகள் மெழுகில் நிற்கின்றன. வளவில் (வீட்டு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) வெயில் படும் பக்கம் வீணையை வைத்தால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். தம்புராவின் காந்தாரத்தோடு என்றைக்கு ஒட்டவில்லையோ, அன்றைக்கு மேளம் கட்டுபவரைக் கூப்பிடுங்கள்.