மூழ்கிய கப்பலும் முக்குளிப்பவர்களும்: கேள்வி பதில்

நீரோடி, கொளச்சல் கரையிலிருந்தும் எல்லை தாண்டிப் பொழியூர், விழிஞ்ஞம், கோவளம் பக்கமிருந்தும் வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களில் ஸ்கூபா (சிலிண்டர் கட்டி முக்குளிப்பது) செய்பவர்களும் உண்டு, தொழிலுக்குப் போகிறவர்களும் உண்டு.

சார், கப்பலுக்குள் கிடக்கிற ஒரு பீங்கான் தட்டை எடுத்து வந்தால் என்ன தப்பு? அங்கேயே கிடந்தால் வீணாகத்தானே போகும்? (கோவளம்)

எடுத்தால்தான் வீணாகும் தம்பி. இருநூறு வருஷம் கடலில் கிடந்த பீங்கானுக்குள் உப்பு ஊறியிருக்கும். அலமாரியில் வைத்து உலர்ந்ததும் அந்த உப்பு படிகமாகி, மேல்பூச்சைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். இரும்பு இன்னும் மோசம். பீரங்கியைச் சுற்றி மணலும் சிப்பியும் துருவும் சேர்ந்து இறுகிய ஓடுதான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஓட்டை உடைத்துக் காற்றில் வைத்தால் உள்ளே ஊறியிருக்கும் உப்பின் குளோரைடு வேலையைக் காட்டும், இரும்பு அடுக்கடுக்காகப் பிளக்கும். ஆய்வகத்தில் ஏறத்தாழ 2 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வருஷக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றித்தான் அந்த உப்பை இறக்குகிறார்கள். மரத்தின் வடிவத்தைத் தாங்குவது உள்ளே நிறைந்திருக்கும் தண்ணீர். அது வற்றினால் மரம் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். சுவீடனில் 1961-ல் தூக்கிய வாசா கப்பலுக்கு மரத்துக்குள் தண்ணீரின் இடத்தைப் பிடிக்கும் மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளை 17 வருஷம் தெளிக்க வேண்டியிருந்தது.

பொருள் கிடந்த இடமும் ஒரு சான்று. சரக்கறைப் பகுதியில் அடுக்காக இருந்தால் அது வியாபாரச் சரக்கு. சமையல் பகுதியில் தனியாகக் கிடந்தால் மாலுமிகள் சாப்பிட்ட தட்டாக இருக்கலாம். எடுத்துவிட்டால் இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. பூம்புகாருக்கு அப்பால் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் கிடந்த கப்பலில் ஈயப் பாளங்கள் கிடைத்தன. அவற்றில் ‘டபிள்யூ பிளாக்கெட்’ என்ற முத்திரையும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் இருந்தன. அதிலிருந்துதான் கப்பல் 1792-க்கு முன் மூழ்கியிருக்காது என்று தெரிந்தது. யாராவது அவற்றை உருக்கி வலைக்கு ஈயக்குண்டு ஆக்கியிருந்தால் அந்தத் தகவல் மொத்தமாகப் போயிருக்கும்.

வலையில பழைய ஜாடியோ குண்டோ ஏறினா என்ன செய்யணும் அண்ணே? கேஸாகுமா? (நீரோடி, வள்ளத் தொழில்)

தானாக ஏறியதை உடனே சொல்லிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. ஒளித்து வைப்பதும் விற்பதும்தான் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

முதலில் குண்டைப் பாருங்கள். ஓட்டையோ திருகு மூடியோ இருந்தால் உள்ளே வெடிமருந்து இருக்கலாம். அதைக் கரைக்குக் கொண்டுவராதீர்கள், தட்டாதீர்கள். கடலோரக் காவல்படையின் 1554-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வேறு பொருள் என்றால் ஐஸ் பெட்டியில் கடல்தண்ணீர் ஊற்றி மூழ்க வைத்து, மேலே ஈரச் சாக்குப் போடுங்கள். ஐஸ் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். வலை இழுக்கத் தொடங்கிய இடம், முடித்த இடம் இரண்டின் ஜிபிஎஸ் அளவையும் ஆழத்தையும் எழுதுங்கள். வலை வெகுதூரம் இழுபட்டு வந்திருக்கும் என்பதால் ஒரு புள்ளி மட்டும் போதாது.

குமரி மாவட்டத்தில் கரை சேர்ந்தால் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகம், பொழியூர்ப் பக்கம் சேர்ந்தால் திருவனந்தபுரம் கலெக்டர் அலுவலகம். எழுத்தில் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள். மண்ணுக்குள் புதைந்து கிடைப்பதற்கு 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. கடலில் கிடைக்கும் கப்பல் சிதைவுகளை, வணிகக் கப்பல் சட்டப்படி அதற்கென நியமித்த அதிகாரியிடம் சேர்க்க வேண்டும். 100 வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் என்றால் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேரும். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது.

நீங்கள் சொல்வதால் என்ன வரும் என்று கேட்டால், இலங்கையில் கொடவாயவைப் பாருங்கள். இந்தியப் பெருங்கடலில் இதுவரை தெரிந்தவற்றில் மிகப் பழைய கப்பல் அங்கேதான் 30 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. 2003-ல் அதை முதலில் கண்டவர்கள் சங்கு எடுக்க முக்குளித்தவர்கள்.

நீருக்கடியில் உள்ள பண்பாட்டுச் சின்னங்களைக் காக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் முக்குளிப்பதைத் தடுக்கிறதா?

தடுக்கவில்லை. கையை வைக்காமல் போய்ப் பார்ப்பதை ஊக்குவிக்கவே செய்கிறது. 2001-ல் ஏற்கப்பட்டு 2009-ல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது 100 வருஷம் தண்ணீருக்குள் இருந்த மனிதத் தடயங்களை முடிந்தவரை கிடந்த இடத்திலேயே காக்க வேண்டும், வியாபாரம் ஆக்கக்கூடாது என்கிறது. இந்தியா இதில் சேரவில்லை, சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இந்தியத் தொல்லியல் துறைக்கு 2001 முதலே கடலடிப் பிரிவு இருக்கிறது. லட்சத்தீவில் பங்காரம் அருகே பிரின்சஸ் ராயல் கப்பலை ஆய்ந்தது அந்தப் பிரிவுதான்.

கப்பலுக்குச் சேதமில்லாமல் எப்படி இறங்குவது அண்ணே? (விழிஞ்ஞம்)

பெரிய சேதம் நங்கூரத்தால்தான். வள்ளத்தைக் கப்பலில் கட்டாதீர்கள். மிதவை கட்டிய கயிற்றில் எடை கோத்து, நீரோட்டம் வரும் பக்கம் கப்பலிலிருந்து ஒரு 10 மீட்டர் தள்ளி மணலில் இறக்குங்கள். வள்ளம் அந்த மிதவையைச் சுற்றியே நிற்கட்டும்.

அடுத்தது, கீழே இறங்க இடுப்பில் கட்டும் எடை. சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மீதி இருக்கும்போது 5 மீட்டரில் உதைக்காமல் நிற்க முடிய வேண்டும். இரண்டு கிலோ கூடினாலே கால் தாழும், காலில் மாட்டிய துடுப்பு வண்டலைக் கிளப்பும், கூட வருபவருக்கு எதுவும் தெரியாது. தவளை போலக் காலைப் பக்கவாட்டில் தள்ளும் தவளை உதைப்பு பழகுங்கள். அளவுமானியும் மாற்று ரெகுலேட்டரும் (வாயில் வைத்து மூச்சு விடும் கருவி) தொங்கவே கூடாது, கிளிப் போட்டு மார்போடு ஒட்டியிருக்கட்டும்.

உள்ளே நுழைவதை நான் ஆதரிக்கவில்லை. நாம் விடும் குமிழிகள் மேல்தளத்துக்கு அடியில் தேங்கி, அதிலுள்ள ஆக்சிஜன் இரும்பை வேகமாக அரிக்கும். அந்தத் தகடுதான் நம் தலைக்கு மேலே இருக்கிறது. சிக்கிக் கிடக்கும் பழைய வலையையும் இழுக்காதீர்கள், வலையோடு கப்பலின் பாகமும் பெயர்ந்து வரும். நாமே மாட்டிக்கொண்டால் அறுக்க, எந்தக் கைக்கும் எட்டுகிற மாதிரி இரண்டு வெட்டிகள் வேண்டும்.

எங்க கடலில் பீரங்கி பார்த்தேன் அண்ணாச்சி. திருவிதாங்கூரோட நடந்த 1741 சண்டையில் வந்த டச்சுக் கப்பலா இருக்குமா? (கொளச்சல்)

பீரங்கியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கப்பல் சாயாமல் இருக்கப் பழைய பீரங்கிகளை அடிப்பாரமாகவும் ஏற்றினார்கள். தரைதட்டிய கப்பலை மிதக்க வைக்கக் கடலில் தள்ளியும் விட்டார்கள். அப்படித் தள்ளியிருந்தால் அங்கே கப்பலே இருக்காது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கி என்றால் அதன் டச்சுப் பெயர்ச் சுருக்கமான வி, ஓ, சி எழுத்துகள் பின்னிய முத்திரை இருக்கலாம், கூடவே கம்பெனிக் கிளையின் எழுத்தும், ஆம்ஸ்டர்டாமுக்கு ஏ. அதைத் தேடி, மேலே இறுகிய ஓட்டைச் சுரண்டிவிடாதீர்கள். நீளம், வாயின் விட்டம், எந்தத் திசை நோக்கிக் கிடக்கிறது என்பதை அளந்து படம் எடுங்கள்.

ஆக்‌ஷன் கேமராவில் எடுக்கும் படம் ஆய்வுக்கு உதவுமா?

நன்றாகவே உதவும், முறையாக எடுத்தால். ஒரு மீட்டர் அளவுகோலைப் பக்கத்து மணலில் வையுங்கள். ஒரே உயரத்தில், வயலில் ஏர் ஓட்டுவது போல வரிசை வரிசையாகப் போங்கள். ஒவ்வொரு படமும் முந்தையதோடு 70 சதவீதமாவது மேற்பொருந்த வேண்டும். பிறகு குறுக்கு வரிசை, கடைசியில் பக்கவாட்டுச் சாய்வுப் படங்கள். ஆனி ஆடிக் கொந்தளிப்பு அடங்கி, மண் படிந்த பிறகு போங்கள், கலங்கலில் மென்பொருளால் படங்களை இணைக்க முடியாது. ஜிபிஎஸ் அளவு தொல்லியல் துறைக்கு மட்டும். இன்ஸ்டாகிராமில் போடுவதானால் படத்தில் பதிவாகியிருக்கும் இடத்தகவலை நீக்குங்கள், பின்னணியில் கரை அடையாளம் தெரியும் படங்களையும் தவிருங்கள்.

1942-ல் மட்டக்களப்பு அருகே மூழ்கிய பிரிட்டிஷ் ஹெர்மிஸ் போர்க்கப்பலுக்கு 100 வருஷம் ஆகவில்லையே, அதிலிருந்து எடுக்கலாமா?

கூடாது. அங்கே 307 பேர் இறந்தார்கள், அது கல்லறை. ஆழமும் 50 மீட்டரைத் தாண்டும். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40.